ஒரே பட்டறை, இரண்டு ஞாயிறுகள்

பெங்களூரில் "நம்ம" என்ற சொல்லை யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலும் நம்ம, கன்னடத்திலும் நம்ம. ஊரில் ஓடும் மெட்ரோவுக்கே அந்தப் பெயர்தான். 2009 ஆகஸ்ட் 30, ஞாயிறு மாலை, அல்சூரில் ஒரு நண்பனின் வீட்டுக் கூடத்தில் ஆறேழு பேர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சொல்லைத் தொண்டை கட்டும்வரை கத்தினோம். நம்ம வண்டி, நம்ம வண்டி! வண்டி இரண்டாவதாக வந்தது. பதினொரு வருடம் கழித்து, 2020 டிசம்பர் 6 ஞாயிறு இரவு, கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடங்களில், அதே பட்டறையில் பிறந்த இன்னொரு வண்டி முதலாவதாக வந்தது. அன்று யாரும் கத்தவில்லை. வீட்டார் தூங்கிக்கொண்டிருந்தார்கள்; நான் காதில் இயர்போன் கம்பியை மாட்டிக்கொண்டு கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கூட்டத்தில் ஒருவன் மட்டும் செய்தி அனுப்பினான்: "மச்சா, நம்ம வண்டி ஜெயிச்சுடுச்சு." இன்னொருவன் உடனே கேட்டான்: "எது நம்ம?"

இரண்டும் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயங்கள். முதலாவது ஸ்பாவில் நடந்த பெல்ஜியம் கிராண்ட் பிரி; ஃபோர்ஸ் இந்தியா அணியின் ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா ஓட்டியது. இரண்டாவது பஹ்ரைனில் நடந்த சாகிர் கிராண்ட் பிரி. ரேசிங் பாயிண்ட் அணியின் செர்ஜியோ பெரெஸ் ஓட்டியது. அணியின் பெயர் மாறியது, முதலாளி மாறினார், வண்டியின் நிறம் மாறியது. மாறாதது சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தின் வாசலுக்கு எதிரே நின்ற அந்தப் பட்டறையும், அங்கே வேலை செய்தவர்களில் ஒரு பகுதியும். அந்த இரவு தூக்கம் வராமல் இரண்டு பந்தயங்களையும் மனதுக்குள் அருகருகே வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இன்றுவரை முடித்தபாடில்லை, ஒன்றைத் தொட்டால் மற்றதில் எதிரொலி கேட்கிறது.

முதலில் வெறும் கணக்கு. தடத்தின் சுபாவத்தில் இவை இரண்டும் நேரெதிர். ஸ்பா காட்டுக்குள் ஏறி இறங்கிப் போகும், சுற்றொன்றுக்கு 7.004 கிலோமீட்டர்; அந்தக் காலப் பட்டியலிலேயே நீளமானது. சாகிரில் அன்று ஓடியது பஹ்ரைன் தடத்தின் வெளிவளையம் மட்டும், 3.543 கிலோமீட்டர்; பாலைவனத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஓடுவது. அங்கே 44 சுற்று, இங்கே 87. இரண்டிலும் பந்தயத் தூரம் சுமார் 308 கிலோமீட்டர் என்பது விதிப்படி வருவது, அதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பாவில் ஃபிசிகெல்லா போல் பொசிஷன், அதாவது தகுதிச்சுற்றில் முதலிடம், எடுத்த நேரம் 1 நிமிடம் 46.308 வினாடி. சாகிரில் மெர்சிடிஸின் வால்டேரி போட்டாஸ் போல் எடுத்த நேரம் 53.377 வினாடி. இரண்டாவதை இரண்டால் பெருக்குங்கள்: 1 நிமிடம் 46.754. மேடும் காடும் ஒரு பக்கம், சமதளமும் மணலும் மறுபக்கம். ஆனாலும் ஒன்றின் சுற்று மற்றதன் சுற்றுக்கு கிட்டத்தட்ட இரு மடங்கு. இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. இருந்தாலும் ரசிகன் என்பவன் இப்படிப்பட்ட எண்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறவன்.

அர்த்தமுள்ள ஒற்றுமை தடங்களின் குணத்தில் இருக்கிறது. இரண்டும் நீண்ட நேர்பாதைகளை நம்பிய தடங்கள்; காற்றைக் கிழித்துப் போகும் மெலிந்த வண்டிக்குச் சலுகை காட்டுபவை. 2009-இன் ஃபோர்ஸ் இந்தியா வண்டி வளைவுகளில் பெரிய சூரன் அல்ல, ஆனால் நேர்பாதையில் பறக்கும். ஸ்பாவுக்கு அடுத்து வந்த மோன்ஸாவில் அட்ரியான் சூட்டில் இரண்டாமிடத்தில் புறப்பட்டு நான்காவதாக வந்தது அதற்குச் சாட்சி. 2020-இன் இளஞ்சிவப்பு வண்டியோ முந்தின வருட மெர்சிடிஸைப் பார்த்து வரைந்தது என்று ஊரே பேசியது. பிரேக் குழாய் விவகாரத்தில் 15 புள்ளியும் 4 லட்சம் யூரோவும் பறிபோயின. இரண்டுக்கும் இதயம் ஒன்றுதான், மெர்சிடிஸ் எஞ்சின். பெங்களூரின் ஒயிட்ஃபீல்டில் மெர்சிடிஸ்-பென்ஸின் ஆய்வு மையம் இருப்பதால் அதையும் "நம்ம" கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு நண்பன் வாதாடியதுண்டு. அவன் அங்கே வேலை செய்கிறவன். வாதம் தள்ளுபடி.

இரண்டு பந்தயங்களுமே தொடங்குவதற்கு முன்பே ஒரு காலி இருக்கையால் கோணிப்போனவை. 2009-இல் ஹங்கேரித் தகுதிச்சுற்றில் முன்னே போன வண்டியிலிருந்து கழன்ற சுருள்வில் ஃபெலிபே மாஸாவின் தலைக்கவசத்தில் அடித்தது. அவருடைய ஃபெராரியில் லூக்கா படோயர் வந்து உட்கார்ந்தார். 2020-இல் லூயிஸ் ஹாமில்டனுக்குக் கொரோனா. அவருடைய மெர்சிடிஸில் வில்லியம்ஸ் அணியிலிருந்து ஜார்ஜ் ரஸ்ஸல் வந்து உட்கார்ந்தார். ஒரே விதமான வாய்ப்பு, இருவருக்கும் கிடைத்த பலன் நேர்மாறு. படோயர் ஸ்பாவில் முடித்தவர்களில் கடைசி. நெடிய ரஸ்ஸல் தன் அளவுக்கு ஒன்று குறைவான காலணியை மாட்டிக்கொண்டு இன்னொருவருக்காக அளவெடுத்த வண்டிக்குள் உடம்பைத் திணித்து, தகுதிச்சுற்றில் போட்டாஸை விட 0.026 வினாடி மட்டுமே பின்தங்கினார். பந்தயத்தின் முதல் வளைவிலேயே முன்னால் போனார். ஆனால் பாருங்கள், இருவரின் கதியும் கடைசியில் நம் பட்டறையைத் தொட்டுத்தான் முடிந்தது. எப்படி என்பது கொஞ்சம் பொறுத்து.

முதல் சுற்று. ஸ்பாவில் லே கோம் வளைவில் ரொமேன் குரோஷான் ஜென்சன் பட்டனை இடிக்க, பின்னால் வந்த ஹாமில்டனும் அல்குவர்சுவாரியும் அந்தக் களேபரத்தில் சிக்க, நான்கு வண்டிகள் போயின. அந்த ஆண்டின் சாம்பியன் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பட்டனும் அதில் ஒருவர். சாகிரில் நான்காம் வளைவில் ஷார்ல் லெக்லேர் பெரெஸை இடித்தார். ஒதுங்கப்போன வெர்ஸ்டாப்பன் தடுப்பில் மோதினார். இருவரும் வெளியே. சுழன்று நின்ற பெரெஸ் மட்டும் எப்படியோ வண்டியைத் திருப்பிக்கொண்டு 18-ஆவதாக, அதாவது எல்லோருக்கும் பின்னால், பிட்டுக்கு ஊர்ந்து வந்தார். ஒரு பந்தயத்தில் நம் ஆள் விபத்துக்கு முன்னால் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தார். மறு பந்தயத்தில் நம் ஆளே விபத்து.

குரோஷானைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பா அவருடைய இரண்டாவது கிராண்ட் பிரி. சாகிருக்கு ஒரு வாரம் முன்பு, அதே பஹ்ரைன் வளாகத்தில், தடுப்புக் கம்பியைப் பிளந்துகொண்டு போன அவருடைய வண்டி தீப்பற்றி எரிந்ததையும், அந்தத் தீயிலிருந்து அவர் தானே ஏறி வெளியே வந்ததையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கை வெந்த அவர் சாகிரில் ஓட்டவில்லை; அதன் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயம் எதிலும் ஓட்டவில்லை. ஸ்பாவைக் கலைத்துப்போட்ட முதல் மோதலில் அவர் இருந்தார். சாகிரில் அவர் இல்லாத இடம் எல்லோர் மனதிலும் இருந்தது.

இரண்டு முதல் சுற்றுகளுக்கும் பிறகு, வண்டிகளை மெதுவாக ஒரே வரிசையில் சேர்த்து நடத்தும் சேஃப்டி கார் வந்தது. இந்த ஒப்பீட்டின் கனம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஸ்பாவில் அது எடுத்துக்கொண்டது. ஆறாம் இடத்தில் புறப்பட்ட கிமி ரைக்கோனன், லா சூர்ஸ் வளைவில் தடத்தை விட்டே அகலமாக வெளியே போய், அந்த வேகத்தோடு உள்ளே நுழைந்து, முதல் சுற்றுக்குள் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டார். சேஃப்டி கார் இல்லாவிட்டால் ஃபிசிகெல்லா ஒரு வினாடியோ ஒன்றரை வினாடியோ விலகியிருக்கலாம். சேஃப்டி கார் வந்ததால் ஃபெராரி அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் சுற்றில் பந்தயம் மறுபடி தொடங்கியபோது ஓ ரூஜ் மேட்டில் ஏறிக் கெம்மல் நேர்பாதையில் இருவரும் இறங்கினார்கள். ஃபெராரியிடம் கெர்ஸ் இருந்தது: பிரேக்கில் சேமித்த சக்தி, சுற்றுக்கு ஆறரை வினாடி போலக் கிடைக்கும் கூடுதல் 80 குதிரைத்திறன். நம் வண்டியில் அது இல்லை. ரைக்கோனன் பொத்தானை அழுத்தினார். அல்சூர் கூடத்தில் ஒரு பெருமூச்சு. எங்கள் பந்தயம் தொடங்கி இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

சாகிரில் அது கொடுத்தது, ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை, கடைசியில் கிடந்த பெரெஸ் டயரை மாற்றிக்கொண்டு கூட்டத்தின் வாலைப் பிடிக்க முடிந்தது. இரண்டாம் முறை, பந்தயத்தின் முக்கால் பாகத்தில், வில்லியம்ஸில் ரஸ்ஸலின் இடத்தை நிரப்பிய ஜாக் எய்ட்கன் கடைசி வளைவில் முன் இறக்கையை உடைத்துத் தடத்தில் போட்டார். மெர்சிடிஸ் இரண்டு வண்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அழைத்தது. வானொலியில் ஏதோ குளறுபடி. போட்டாஸுக்கு வைத்திருந்த முன் டயர்கள் ரஸ்ஸல் வண்டியில் ஏறிவிட்டன. போட்டாஸ் வந்து நிற்கும்போது அவருக்கான டயர் அங்கே இல்லை. அரை நிமிடம் போல நிறுத்தி, கழற்றிய பழைய டயரையே திரும்ப மாட்டி அனுப்பினார்கள். ரஸ்ஸலையும் மறுபடி உள்ளே கூப்பிட்டுச் சரிசெய்தார்கள். ஏழு வருடம் தொடர்ந்து சாம்பியனான அணி, கல்யாணப் பந்தியில் இலை மாற்றிப் போட்ட சமையல்காரர்போல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பெரெஸ் முன்னால் இருந்தார்.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாமா? அன்றிரவு "எது நம்ம?" என்று கேட்ட நண்பன் அப்படித்தான் சொன்னான்: மெர்சிடிஸ்காரன் கொட்டினதை இவன் பொறுக்கினான். எனக்கு அது முழுக்கச் சம்மதமில்லை. எய்ட்கன் இறக்கையை உடைப்பதற்கு முன்பே பெரெஸ் மூன்றாமிடத்துக்கு வந்திருந்தார். அந்த மூன்றாமிடம் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. சக வீரர் லான்ஸ் ஸ்ட்ரோலையும் ரெனோவின் எஸ்தபான் ஒகோனையும் தடத்தில் முந்திப் பெற்றது. பதினெட்டிலிருந்து மூன்று வரை உழைப்பு, மூன்றிலிருந்து ஒன்று வரை பிறர் பிழை. ரஸ்ஸல் திரும்பவும் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சக வீரர் போட்டாஸையே தாண்டி, ஸ்ட்ரோலையும் ஒகோனையும் தாண்டி, பெரெஸை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பத்துச் சுற்று போல மீதியிருக்க, பின் டயரில் பஞ்சர். அவர் தோற்றது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. ஒன்பதாம் இடமும் வேகமான சுற்றுக்கான ஒரு புள்ளியும்தான் அவருக்குக் கிடைத்தவை.

இப்போது ஸ்பாவுக்குத் திரும்புவோம். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு முன்வரிசையில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. ரைக்கோனன் பிட்டுக்குப் போன சுற்றில் ஃபிசிகெல்லாவும் போனார். ரைக்கோனன் வெளியே வந்தபோது இவரும் பின்னாலேயே வந்தார். இரண்டு முறையும் அப்படியே. முப்பத்தொன்பது சுற்று, ஒரே இடைவெளி, ஒரே வரிசை. முடிவில் 0.939 வினாடி. காகிதத்தில் இதைவிட அலுப்பான பந்தயம் இருக்க முடியாது. ஆனால் அன்று கூடத்தில் ஒருவரும் எழுந்து சமையலறைப் பக்கம் போகவில்லை. அதுவரை 29 பந்தயங்கள் ஓடி ஒரு புள்ளிகூட எடுக்காத அணி, முப்பதாவது பந்தயத்தில் ஃபெராரியின் புகைக்குழாயை முகர்ந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றும் "இன்னும் விழவில்லை, இன்னும் விழவில்லை" என்பதுதான் எங்களுக்கு நிகழ்ச்சி. சாகிரில் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டே இருந்தன, நான் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தேன். ஸ்பாவில் எதுவும் நடக்காமலிருந்ததே நிகழ்ச்சி, மூச்சே விடவில்லை. பரபரப்பு என்பது தடத்தில் நடப்பதை மட்டும் பொறுத்ததல்ல, பார்ப்பவன் எதைப் பறிகொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் பொறுத்தது என்று இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் தோன்றுகிறது.

ஓட்டிய விதத்தை மட்டும் எடைபோட்டால் நான் ஸ்பாவின் பக்கம். அங்கே யாருடைய தவறும் ஃபிசிகெல்லாவை முன்னுக்குத் தள்ளவில்லை; போல் பொசிஷனும் சொந்தம், துரத்தலும் சொந்தம், தோல்வி மட்டும் ஒரு பொத்தானால் வந்தது. பந்தயமாக எடைபோட்டால் சாகிர்தான். கடைசியிலிருந்து முதலிடம், அதுவும் 190-ஆவது பந்தயத்தில் முதல் வெற்றி. அத்தனை பந்தயம் காத்திருந்து யாரும் அதற்கு முன் வென்றதில்லை.

பந்தயத்துக்குப் பிறகு நடந்தவற்றில்தான் இரட்டைத்தன்மை உச்சத்துக்குப் போகிறது. அணிக்கு அந்த மாபெரும் நாளைத் தந்தவரே, இரண்டு தடவையும், சில நாளில் அணியை விட்டுப் போனார். படோயர் கடைசியில் வந்ததால் ஃபெராரிக்கு உடனே ஆள் தேவைப்பட்டது. ஸ்பா ஓட்டம் ஃபிசிகெல்லாவின் நேர்முகத் தேர்வாக அமைந்துவிட்டது. நாலைந்து நாளில் அவர் ஃபெராரிக்காரர். பெரெஸுக்கோ அடுத்த ஆண்டு இடமில்லை என்று செப்டம்பரிலேயே சொல்லியிருந்தார்கள். வேலை போன மனிதர் கிளம்பும் முன் வென்ற பந்தயம் அது. பன்னிரண்டு நாளில் ரெட்புல் அழைத்துக்கொண்டது. கனவு வண்டியில் ஏறிய ஃபிசிகெல்லா ஐந்து பந்தயம் ஓட்டி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கிடைத்த வண்டியில் ஏறிய பெரெஸ் அங்கே இன்னும் ஐந்து பந்தயம் வென்றார். ஐந்துக்கு ஐந்து, தலைகீழாக.

பெரெஸின் இடத்துக்கு வந்தவர் யார்? செபாஸ்டியன் வெட்டல்: ஸ்பா மேடையில் மூன்றாமிடத்தில் நின்றவர். 2009 ஸ்பாவில் புறப்பட்ட இருபது பேரில் 2020 சாகிரிலும் புறப்பட்டவர்கள் இருவர் மட்டுமே, ரைக்கோனனும் வெட்டலும். ஸ்பாவின் முதலாமவரும் மூன்றாமவரும். சாகிரில் அவர்கள் 14-ஆம் 12-ஆம் இடங்களில் வந்தார்கள். நடுவில் நின்ற ஃபிசிகெல்லாவின் இடத்துக்குச் சொந்தமான பட்டறை மட்டும் படியேறியது.

ரைக்கோனனுக்கும் அந்தப் பட்டறைக்கும் ஏதோ பூர்வஜென்மக் கணக்கு. 2008 மொனாக்கோ மழையில் சூட்டில் நான்காவதாகப் போய்க்கொண்டிருந்தார், அணியின் முதல் புள்ளிகள் கைக்கெட்டும் தூரத்தில். சுரங்கத்தைத் தாண்டிக் கட்டுப்பாடிழந்த ரைக்கோனன் பின்னாலிருந்து வந்து இடித்து முடித்தார். அடுத்த ஆண்டு ஸ்பா. ஆனால் இன்னும் பின்னால் போனால் தராசு சமமாகிறது. 2003 ஏப்ரல் 6, பிரேசில். பட்டறையின் பெயர் அப்போது ஜோர்டன். மழையில் கலைந்து பாதியில் நிறுத்திய பந்தயத்தில் ரைக்கோனன் வென்றதாக அறிவித்துக் கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்துச் சுற்றுக் கணக்கைச் சரிபார்த்தபோது வென்றவர் வேறொருவர் என்று தெரிந்தது. இமோலாவில் ரைக்கோனன் தன் கையாலேயே கோப்பையை அவரிடம் ஒப்படைத்தார். அந்த வேறொருவர் ஃபிசிகெல்லா. பட்டறையின் நான்காவது வெற்றி அது. ஐந்தாவது சாகிர். தேதியையும் பாருங்கள்: ஏப்ரல் 6-க்கும் டிசம்பர் 6-க்கும் இடையே பதினேழு வருடமும் எட்டு மாதமும், ஒரு நாள் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

அந்த இடைவெளிக்குள் நமக்கு வேண்டிய ஒரு பெயரும் உண்டு. 2005-இல் அதே பட்டறையின் மஞ்சள் வண்டியை ஓட்டியவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். ஆறே வண்டிகள் ஓடிய இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தார். அப்போது அந்தப் பட்டறையில் இந்தியா என்ற பெயர் எங்கும் இல்லை, இந்தியர் இருந்தார். ஃபோர்ஸ் இந்தியா காலத்தில் பெயர் இருந்தது, பந்தயத்தில் வண்டியோட்ட ஓர் இந்தியரும் இல்லை.

ஸ்பாவும் அந்தப் பட்டறையை விடுவதாக இல்லை. மைக்கேல் ஷூமாக்கர் 1991-இல் முதல்முதலாக ஓட்டியது ஜோர்டனில், ஸ்பாவில். ஜோர்டனின் முதல் வெற்றி 1998-இல், ஸ்பாவில். பெரெஸுக்கு முன் கிராண்ட் பிரி வென்ற ஒரே மெக்சிகோக்காரரான பெத்ரோ ரோட்ரிகஸ் கடைசியாக வென்றது 1970-இல், அதுவும் ஸ்பாவில். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபோர்ஸ் இந்தியா என்ற கம்பெனி மூழ்கிய பிறகு, சேர்த்து வைத்த 59 புள்ளிகளும் அழிக்கப்பட்டு, சுழியத்திலிருந்து புது அணியாக முதல் பந்தயத்தில் இறங்கியது 2018 ஆகஸ்டில், ஸ்பாவில்தான். அன்று ஒகோன் மூன்றாமிடத்திலும் பெரெஸ் நான்காமிடத்திலும் புறப்பட்டார்கள். சாகிர் மேடையில் நின்ற மூவரையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பெரெஸ் அந்த வீட்டுப் பிள்ளை. ஒகோன் அங்கிருந்து போனவர். இருவரும் ஒரே அணியில் இருந்த 2017-இல் ஸ்பாவிலேயே இரண்டு முறை ஒருவரையொருவர் இடித்துக்கொண்டவர்கள். ஸ்ட்ரோல் அணியை விலைக்கு வாங்கியவரின் மகன். பங்காளிகள் சேர்ந்து நின்ற குடும்பப் படம் மாதிரி இருந்தது.

அணி மூழ்கியது எப்படி? பெங்களூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டல் மல்லையா சாலையில் நிற்கும் யுபி சிட்டியை நிமிர்ந்து பார்த்தால் போதும். இளவயதில் சோழவரத்தில் கார் ஓட்டியவர், தன் பெயரெழுத்தோடு கூட்டாளிகளின் பெயரெழுத்துகளும் வரும்படி வண்டிகளுக்கு விஜேஎம் என்று பெயர் வைத்தவர், அணியின் முதலாளி விஜய் மல்லையா 2016 மார்ச்சில் நாட்டை விட்டுப் போனார். அவருடைய நிறுவனத்தின் விமானங்கள் 2012-லேயே தரையிறங்கிவிட்டன. சம்பளம் வராத ஊழியர்களின் கதை ஊரெங்கும். வங்கிகளின் வழக்கு பெங்களூர்க் கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலேயே நடந்தது. லண்டனில் 2018 ஜூலையில் அணியை நிர்வாகியிடம் ஒப்படைக்கக் கோரி நீதிமன்றம் போனவர், பாக்கி வரவேண்டியிருந்த ஓர் ஓட்டுநர். பெரெஸ். நானூறுக்கும் மேற்பட்டவர்களின் வேலையைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்று அப்போது சொன்னார்கள். அந்த வழியில் வேலைகள் தப்பின, பெயர் தப்பவில்லை. "இந்தியா" என்ற சொல்லை அந்த வண்டியிலிருந்து இறக்கிய கைதான், இரண்டரை வருடம் கழித்து, அந்தப் பட்டறைக்குக் கோப்பையைத் தூக்கியது.

இதே முதலாளியின் கிரிக்கெட் அணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்பாவுக்கு மூன்று மாதம் முன்பு, 2009 மே 24, ஜோகன்னஸ்பர்க் இறுதியாட்டத்தில் ராயல் சேலஞ்சர்ஸ் டெக்கான் சார்ஜர்ஸிடம் ஆறு ரன்னில் தோற்றது. ஒரே கோடையில் ஒரே மனிதருக்கு இரண்டு இரண்டாமிடங்கள்: ஆறு ரன், 0.939 வினாடி. அவர் கையைவிட்டுப் போனபின் இரண்டு அணிகளுமே வென்றன. கிரிக்கெட் அணி 2025 ஜூன் 3 அன்று வென்ற வித்தியாசமும் ஆறு ரன். மறுநாள் சின்னசாமி அரங்க வாசலில் நடந்த நெரிசல் சாவுகளை இங்கே எடுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு வேண்டியது வேறு: கிரிக்கெட் வெற்றியை இந்த ஊர் ஒரு கணம்கூட யோசிக்காமல் "நம்ம" என்றது. முதலாளி மாறினாலும் பெயரில் பெங்களூரு இருந்தது. சாகிர் வெற்றியை அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. எஞ்சின் அதே, பட்டறை அதே, திருகாணி முடுக்கியவர்களில் சிலர்கூட அதே. பக்கவாட்டில் எழுதியிருந்த சில எழுத்துகள் மட்டும் இல்லை.

ஆனால் சாகிரைப் பற்றி நான் வெகுநாள் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கிராண்ட் பிரி மேடையில் முதலில் ஓட்டுநரின் நாட்டுக் கீதம், பிறகு அணியின் நாட்டுக் கீதம். ஃபோர்ஸ் இந்தியா இந்திய உரிமத்தில் ஓடிய அணி. ஸ்பாவில் அந்த 0.939 வினாடி மறுபக்கம் விழுந்திருந்தால், இத்தாலியின் கீதத்துக்குப் பிறகு ஆர்டென் காட்டில் ஜன கண மன ஒலித்திருக்கும். அல்சூர் கூடத்தில் நாங்கள் அதற்காகத்தான் எழுந்து நிற்கத் தயாராக இருந்தோம் என்றுகூடச் சொல்லலாம். சாகிரிலோ மெக்சிகோவின் கீதம், பிறகு பிரிட்டனுடையது. நான் கம்பியைக் காதிலிருந்து கழற்றிவிட்டேன். அதே சாகிரில், அதே ஞாயிறு, சில மணி நேரம் முன்னால், ஃபார்முலா டூ பந்தயம் ஒன்று நடந்திருந்தது. ஷூமாக்கரின் மகன் மிக் அன்று அந்தப் பிரிவின் சாம்பியனானார் என்பதால் உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் பந்தயத்தை வென்றவர் மும்பையின் ஜெஹான் தாருவாலா. ஃபார்முலா டூவில் வென்ற முதல் இந்தியர். பெரெஸ் ஏறிய அதே வளாகத்தில், அவருக்கு முன்பே, ஜன கண மன ஒலித்து முடிந்திருந்தது. பெரிய பந்தயம் இரவு 10:40-க்குத்தானே என்று நான் அதுவரை எதையும் போட்டுப் பார்க்கவே இல்லை.